பெரீன் வீட்டு வாசற்கல்

பாரிஸில் எங்கள் பஸ்தீல் சதுக்கத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். வண்டியை விட்டு இறங்கியதும் நடுவில் நிற்கிற தூணை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம். அப்புறம் ஒரு காப்பிக்கடைக்காரரைப் பிடித்து, "கோட்டை எங்கே?" என்று கேட்பார்கள். இடித்துவிட்டோம் என்றால் முகம் தொங்கிவிடும். நேற்று ராத்திரி வரைக்கும் இருந்ததை அவர்கள் வருவது தெரிந்து நாங்கள் இடித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு. இடித்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. இடித்த கல்லையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லலாம். விற்றோம். கோட்டைக் கல் தீர்ந்த பிறகும் விடாமல் விற்றோம். பெரீன் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரீன் பிறந்து வளர்ந்தது, கல்யாணம் கட்டிக் குடித்தனம் நடத்தியது எல்லாம் ஒரே வீட்டில். சேன்-அந்த்வான் பேட்டையில், கோட்டை அகழியைத் தாண்டின உடனே இருந்த சின்னக் கல்வீடு. அவள் அப்பா பீப்பாய் செய்கிறவர். குவாரியில் மிச்சம் மீதி விழுந்த கல்லையெல்லாம் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, தன் கையாலேயே கட்டின வீடு அது. பின்னால் ஒரு தோட்டம், தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், ஒரு கிணறு, ஒரு பன்றிக் கொட்டில். எல்லாம் கல். ஒரே குறை, மதியம் திரும்பினால் போதும், கோட்டையின் நிழல் வந்து தோட்டத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அவரைக்கொடி காய்க்காது. துவைத்த துணி காயாது. பெரீனுக்கு ராஜா மேலே வேறு பெரிய கோபம் ஒன்றும் கிடையாது, இந்த ஈரத்துணிக் கோபம்தான்.

ராஜா சிறையாக வைத்திருந்த அந்தக் கோட்டை ஒரு ஜூலை மாசம், ஒரே நாளில் ஜனங்கள் கையில் விழுந்தது. உள்ளே ஆயிரம் பேர் சங்கிலியில் கிடப்பார்கள் என்று நினைத்துக் கதவை உடைத்தால், இருந்தது ஏழு பேர். அதில் ஒருத்தர் தன்னை ஏன் வெளியே இழுக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டாராம். எப்படியோ, மறுநாளே இடிக்க ஆரம்பித்தார்கள். கோபுரம் ஒவ்வொன்றாகக் குட்டையாகக் குட்டையாக, பெரீன் தோட்டத்துக்குச் சாயங்கால வெயில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவரை காய்த்துத் தள்ளியது. படுக்கை விரிப்பெல்லாம் மொடமொடவென்று காய்ந்தது. புரட்சி நல்லதுதான் என்று பெரீன் முடிவுகட்டினாள்.

அவள் புருஷன் லுபெனுக்குத்தான் புரட்சி ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தொழில் நாற்காலிக் கால்களுக்குத் தங்க முலாம் பூசுவது. தங்க நாற்காலியில் உட்காருகிற கூட்டமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவிட்டது. மிச்சம் இருந்தவர்களும் சாதாரண மர நாற்காலியில் உட்கார்ந்து தேசபக்தி காட்டினார்கள். லுபென் வேலையில்லாமல் தோட்டத்தில் உலாத்தினான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது. முலாம் பூசுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் வாயால் பூச ஆரம்பித்துவிடுவான்.

முதல் கல் போனது இப்படித்தான். ஒரு மழைநாளில், ரூவானிலிருந்து வந்த ஜவுளி வியாபாரி ஒருத்தர் தோட்டத்துச் சுவரோரம் ஒதுங்கினார். ஊருக்குக் கோட்டைக் கல் ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. இடிக்கிற இடத்திலோ மழைக்கு வேலையை நிறுத்தி, காவலும் போட்டுவிட்டார்கள். மனிதர் அழாத குறை. அந்தச் சமயம் பார்த்துச் சுவரிலிருந்து ஒரு கல் தானாகவே பெயர்ந்து லுபென் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான். ஜவுளிக்காரர் அதைப் பார்த்தார்.

"ஐயா, அது... அதுவா?" என்றார்.

"அதேதான்," என்றான் லுபென். எது என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் வாத்து இருந்தது. பெரீன் விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"யோவ், எங்கப்பன் கட்டின சுவத்தையா வித்த?"

"சுவத்தை யாருடி வித்தா? ஒரு கல்லு. விழுந்து கிடந்த கல்லு. கோட்டையும் அதே குவாரிக் கல்லு, நம்ம வீடும் அதே குவாரிக் கல்லு. அக்கா தங்கச்சி மாதிரி. அக்காவைக் கேட்டாரு, தங்கச்சியக் குடுத்தேன்."

"நாக்குல புழு வைக்கும்யா உனக்கு."

"வைக்கட்டும். வாத்து ஆறிப்போவுது, உக்காரு."

பெரீன் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். வாத்து ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் அவள் செய்த தப்பு. பிற்பாடு எத்தனை தடவை சண்டை வந்தாலும், "வாத்து தின்னியே" என்று லுபென் ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிடுவான்.

அதன் பிறகு சுவர் குறைய ஆரம்பித்தது. பெரீனின் கோழிகள் பக்கத்து வீட்டுக்குள் போய் முட்டையிட்டன. பக்கத்து வீட்டு துவானெத் மீன் விற்கிறவள். அவள் குரல் கேட்டால் மீனே கண்ணை மூடிக்கொள்ளும்.

"அக்கா, உன் கோழிக்கு என் வீடு பிடிச்சிருக்கு போல. நான் ஒண்ணும் சொல்லலை, முட்டையைத் திருப்பித் தரமாட்டேன், அவ்வளவுதான். ஆனா சுவரு எங்கக்கா போச்சு? நடந்து போயிடுச்சா?"

"தேசத்துக்குக் குடுத்திட்டோம்," என்றாள் பெரீன் பல்லைக் கடித்துக்கொண்டு.

சுவர் முடிந்தது. கிணற்றுக் கைப்பிடிச் சுவர் போனது. அடுப்படிப் புகைபோக்கியில் கரிபிடித்த கல் ஒன்று, சித்திரவதை அறைக் கல்லாகித் தூலூஸ் பக்கம் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனது. பன்றித் தொட்டி, ஒரு கைதி பதினெட்டு வருஷம் தலைவைத்துப் படுத்த கல்லாகிவிட்டது. வாங்கின அம்மாள் அதைத் தடவிக் கண்ணீர்விட்டபோது, பன்றி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் கோபுரத்துக் கல் என்று யாராவது கேட்டால், லுபென் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வான்.

"சுதந்திரக் கோபுரம்."

நிஜமாகவே சிறைக்குள்ளே அந்தப் பெயரில் ஒரு கோபுரம் இருந்தது. இதில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

பெரீன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். சுவர் போனால் சுவர், வீடு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஒருநாள் ஆற்றில் துணி துவைத்துவிட்டுத் திரும்புகிறாள், வாசல் கேட் தரையில் கிடக்கிறது. கேட் மாட்டியிருந்த கல்தூணைக் காணோம்.

அந்தத் தூண் ஒரே கல். அரை அடித் தடிமன், கழுத்து உயரம். பெரீன் ரெண்டு வயசிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் அப்பா அவளை அந்தத் தூணில் சாய்த்து நிற்கவைத்து, தலைக்கு மேலே ஆணியால் ஒரு கோடு கிழிப்பார். "நெட்டையாகிட்டே போறியே, உனக்கு எங்கேருந்து மாப்பிள்ளை பிடிக்கிறது?" என்பார். அவள் பத்து வயசில் ஒரு பீப்பாய் உருண்டு வந்து அவர் நெஞ்சில் மோதிற்று. அதோடு கோடு நின்றுவிட்டது. லுபெனுக்கு இது தெரியாது. பெரீன் அந்தத் தூணைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, தினமும் கேட்டைத் திறக்கும்போது கையால் தடவிவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

ஈரத்துணிக் கூடையைக் கீழே போட்டாள். "எவன்கிட்ட வித்த?" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் லுபென் சமாளித்திருப்பான். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கொக்ரெல் ஐயாகிட்ட. தெருக்கோடி விக்குக்கடை. அதுல கோடு கோடா இருந்துச்சா, கைதி வருஷத்தை எண்ணிக் கிழிச்சதுன்னு சொன்னேன். அவரே கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாருடி. நான் என்ன பண்றது?"

கொக்ரெல் விக் செய்கிறவர். விக் வைக்கிற தலைகளெல்லாம் ஓடிவிட்டதால் அவருக்கும் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் மனிதர் அசரவில்லை. பேட்டைக் காவல்படைக்குத் தலைவராகி, தொப்பியில் மூவர்ணப் பூ குத்திக்கொண்டு, கோட்டை பிடித்த வீரர்களில் ஒருத்தராக உலா வந்தார். அன்றைக்கு அவர் நிஜமாகவே கோட்டைப் பக்கம் போனாரா, கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாரா என்று பேட்டையில் ரெண்டு அபிப்பிராயம் உண்டு. அவர் காதுபட ஒரே அபிப்பிராயம்தான்.

பெரீன் கடைக்குப் போனபோது உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். முன்பு விக் தலைகள் வைத்திருந்த மேடையில் அவள் தூண் நின்றது. இடுப்பில் மூவர்ண ரிப்பன். முன்னால் மெழுகுவர்த்தி. கொக்ரெல் ஒரு சீப்பால் கோடுகளைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதோ, அடியில இருக்குற முதல் கோடு. ஏன் இவ்வளவு கீழே? ஏன்னா அந்தப் புண்ணியவான் அப்போ எழுந்து நிக்கக்கூட சக்தியில்லாம தரையில கிடந்தாரு. அடுத்த வருஷம் பாருங்க, கொஞ்சம் மேலே. அடுத்த வருஷம் இன்னும் மேலே. வருஷம் ஏற ஏறக் கோடும் ஏறுது. ஏன்? நம்பிக்கை! மனுசன் நம்பிக்கையாலே எழுந்து நிக்கிறாரு!"

கறிக்கடைக்காரர் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கிழவி மூன்றாவது கோட்டுக்கு முத்தம் கொடுத்தாள். பெரீன் மூன்றாவது கோட்டின்போது அம்மை போட்டுப் படுத்திருந்தாள், அப்பா தூக்கிக்கொண்டு வந்துதான் நிற்கவைத்தார்.

இது என் தூண் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வருஷம் எங்கள் பேட்டையில் ஒரு பழக்கம் இருந்தது. ஜனங்களை ஏமாற்றினவன் என்று யார் மேலேயாவது பேர் விழுந்தால், விசாரணை கிசாரணை ஒன்றும் கிடையாது, மூலையில் இருக்கிற தெருவிளக்குக் கம்பிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விளக்குத் தொங்க வேண்டிய இடத்தில் ஆள் தொங்குவான். லுபென் எவ்வளவு மடையனாக இருந்தாலும் தொங்குகிற அளவுக்கு இல்லை என்று பெரீன் நினைத்தாள். வரிசையில் நின்றாள். முறை வந்ததும் தூணுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். லுபெனோடு ஒரு வாரம் பேசவில்லை. அவன் வாங்கி வந்த வாத்தையும் தொடவில்லை.

அடுத்த ஜூலை நெருங்கியது. கோட்டை விழுந்த நாளைக் கொண்டாட, கோட்டை இருந்த இடத்திலேயே நடனம் ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. கோட்டை அநேகமாகத் தரைமட்டம். அப்போதுதான் ஒருநாள் ஒயின்கடையில் இடிப்பு வேலைக் கொத்தனார் ஒருத்தர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு லுபெனைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். எங்ககிட்டயே நல்ல கல்லு தீர்ந்துபோச்சு. உன்கிட்ட மட்டும் எப்படி ஊத்து மாதிரி வந்துக்கிட்டே இருக்கு?"

கொக்ரெல் திரும்பினார். கறிக்கடைக்காரர் திரும்பினார். அந்தக் கடையில் லுபெனிடம் கல் வாங்காதவர்கள் பூனையும் கடைக்காரரும்தான். லுபெனுக்கு முழி பிதுங்கியது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் தானாகவே திறந்துகொண்டது.

"இது தெரியாதா உனக்கு? என் மாமனார் வீடே கோட்டையோட ஒரு துண்டுதானே! அந்தக் காலத்துல கோட்டைக்கு வெளியில ஒரு காவல் அரண் இருந்துச்சு. அதைத்தான் அவரு வீடாக்கிக்கிட்டாரு. அந்த அரணுலேருந்துதான் எடுத்துத் தர்றேன். அசலோ அசல்."

ஆஹா, என்று எல்லாரும் தலையாட்டினார்கள். லுபெனுக்கு ஒரு கிளாஸ் ஒயின் இனாமாக வந்தது. வீட்டுக்கு வந்து, தப்பித்த கதையைப் பெருமையாகப் பெரீனிடம் சொன்னான். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"நம்ம வீடு பஸ்தீல் கோட்டைன்னு சொல்லிட்டு வந்தியா?"

"ஆமா."

"எல்லார் முன்னாடியும்?"

"ஆமாடி. நம்பிட்டாங்க!"

"கோட்டையை அவங்க என்னய்யா பண்ணிக்கிட்டிருக்காங்க, ஒரு வருஷமா?"

லுபென் யோசித்தான். அவன் முகத்திலிருந்து ஒயின் நிறம் மெதுவாக இறங்கியது.

மறுநாள் காலையில் வந்துவிட்டார்கள். முன்னால் முரசு, பின்னால் கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி. பேட்டை முழுக்கத் திரண்டிருந்தது. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தருக்கும் கோபமில்லை, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்தார்கள். லுபென் முரசுச் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். பெரீன் வாசற்படியில் வந்து நின்றாள்.

கொக்ரெல் தொப்பியைக் கழற்றி வணங்கினார். "அம்மா, நல்ல சேதி. கொடுங்கோன்மையோட கடைசித் துண்டு உங்க வீடுதான்னு தெரியவந்திருக்கு. நடனத்துக்கு முன்னாடி அதை இடிச்சு உங்களுக்கும் விடுதலை தரலாம்னு பேட்டையே வந்திருக்கு."

"எனக்கு விடுதலை வேணாங்கய்யா. கூரை போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். கடப்பாரைகள் ஓர் அடி முன்னே வந்தன. துவானெத் மட்டும் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, "ஏய், அது மனுசங்க குடியிருக்குற வீடுய்யா!" என்று கத்திப் பார்த்தாள். முரசு அவள் குரலையே விழுங்கிவிட்டது. அந்த முரசின் பலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெரீனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கையை விரித்துக் கதவை மறித்து நின்றாள்.

"நிறுத்துங்க! இது கோட்டையும் இல்ல, கொத்தளமும் இல்ல. எங்கப்பா பீப்பாய் செஞ்ச காசுல கட்டின வீடு. நீங்க வாங்கினதெல்லாம் எங்க தோட்டத்துச் சுவரு. கறிக்கடை அண்ணே, உங்க கணப்பு மேல இருக்கறது என் கிணத்துக் கல்லு!"

முரசு நின்றது. கறிக்கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். அவர் அந்தக் கல்மேல் கைவைத்துத்தான் பையனுக்குச் சத்தியம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார்.

"வீட்டைக் காப்பாத்தப் பொய் சொல்றா," என்றார்.

"பொய்யா? கொக்ரெல் ஐயா, உங்க கடையில நிக்கிற தூணு எங்க கேட்டுத் தூணு. அந்தக் கோடெல்லாம் நான் வளர்ந்த கோடு. ஈஸ்டருக்கு ஈஸ்டர் எங்கப்பா ஆணியால கிழிச்சது. நாலாவது கோட்டுக்குப் பக்கத்துல பின்புறமா ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நான் பட்டாணி திணிச்சு வச்சிருந்தேன். ஒண்ணு இன்னும் உள்ளேதான் இருக்கு. போய்க் குச்சியால குத்திப் பாருங்க!"

கொக்ரெல் முகம் மாறியதைப் பெரீன் பார்த்தாள். ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியும். அவர்தான் தினமும் அந்தத் தூணைத் துடைக்கிறவர். பட்டாணியும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கைதிக்குக் கிடைத்த ஒருவேளைச் சாப்பாட்டின் மிச்சம் என்று அதற்காகத் தனியாக ஒரு நாள் அழுதும் இருக்கிறார்.

அவர் நம்பிவிட்டார் என்று பெரீனுக்குத் தெரிந்தது. வீடு பிழைத்தது என்று அரை நொடி நினைத்தாள்.

அப்போது கறிக்கடைக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டார். "சரி. அப்படின்னா அந்த லுபென் பய நம்ம எல்லாரையும் ஏமாத்தியிருக்கான். தேசத்தையே ஏமாத்தியிருக்கான். எங்க அவன்? விளக்குக் கம்பி காலியாத்தான் இருக்கு."

கூட்டம் ஒருமுறை உறுமியது. பாட்டுப் பாடின பெண்களின் முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

கொக்ரெல் அவசரமாகப் படியேறிப் பெரீன் அருகில் வந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுச் சொல்லும்மா. கல்லு அசலா, போலியா? போலின்னா வீடு நிக்கும். ஆனா..."

ஆனாவோடு நிறுத்திவிட்டு, விளக்குக் கம்பி இருந்த தெருமூலையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

பெரீன் யோசித்தாள். ஒரு பக்கம் வீடு. அப்பா சுமந்த கல், சாயங்கால வெயில், அவரைப் பந்தல். இன்னொரு பக்கம் கட்டிலுக்கு அடியில் லுபென். சுவரை விற்றவன், கிணற்றை விற்றவன், தூணை விற்றவன். அவள் இன்னும் யோசித்தாள். ரொம்ப நேரமாகவே யோசித்தாள். உள்ளேயிருந்து லுபென் பரிதாபமாக ஓர் இருமல் இருமினான்.

"அசல்தான்," என்றாள் பெரீன். "பஸ்தீலேதான். இடிச்சுக்குங்க."

ஹோ என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. தொப்பிகள் பறந்தன.

"ஆனா முதல்ல என் பாத்திரமெல்லாம் வெளியே வரணும். ஒரு சட்டி உடைஞ்சுது, கொடுங்கோன்மையை உங்க மண்டையில காட்டுவேன்."

பாத்திரம் வந்தது. படுக்கை வந்தது. கட்டில் வந்தபோது அடியில் லுபெனும் வந்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். தன் வீட்டையே தேசத்துக்குக் கொடுத்த தியாகி என்றார்கள். அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஒரு சம்மட்டியைப் பிடுங்கி, தன் படுக்கையறைச் சுவரை எல்லாரையும்விட ஓங்கி அடிக்க ஆரம்பித்தான். பயத்தில் அடித்தானோ, வெட்கத்தில் அடித்தானோ, கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. பேட்டையில் அதைத் தேசபக்தி என்று எழுதிவைத்துக்கொண்டார்கள்.

சின்ன வீடு. கட்ட ரெண்டு வருஷம் ஆனது, இடிக்க மதியச் சாப்பாடு வரைக்கும்கூட ஆகவில்லை. கல்லையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். தரையைச் சமப்படுத்தி, நடனத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். துவானெத் தன் பரணில் இடம் கொடுத்தாள்.

"வந்து இருங்கக்கா, உன் கோழியெல்லாம் முன்னாடியே வந்தாச்சு. மீன் நாத்தம் ரெண்டு நாள்ல பழகிடும். உன் புருஷன் மட்டும் என் சுவத்துமேல கைவைக்கட்டும், அப்புறம் இருக்கு."

சாயங்காலம், பாத்திர மூட்டையின் பக்கத்தில் பெரீன் தனியாக உட்கார்ந்திருந்தபோது முரசு மறுபடியும் வந்தது. கொக்ரெலும் அவருடைய ஆட்களும் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் ரிப்பன் கட்டின தூண்.

கொக்ரெல் உரக்கப் பேசினார். வீட்டைக் கொடுத்த இந்தத் தாய்க்குப் பேட்டை தன்னிடம் உள்ளதிலேயே புனிதமான பொருளைப் பரிசாகத் தருகிறது, பெயர் தெரியாத அந்தக் கைதியின் கல் இனிமேல் அவளிடமே இருக்கட்டும் என்றார். கைதட்டினார்கள். தூணை இறக்கித் தரையில் கிடத்தினார்கள். கூட்டம் ஒயின்கடைப் பக்கம் நகர்ந்தது. கொக்ரெல் மட்டும் ரிப்பன் முடிச்சைச் சரிசெய்கிற மாதிரி அவள் அருகில் குனிந்தார்.

"ஏழாவது கோட்டுக்கும் எட்டாவது கோட்டுக்கும் நடுவுல ஒரேயடியா வளர்ந்திருக்கியேம்மா," என்றார் மெதுவாக. "அந்த வருஷம் என்ன சாப்பிட்ட?"

பெரீன் அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"பக்கத்துல ஒரு பேக்கரிக்காரரு இருந்தாரு. அவரு பொண்டாட்டிக்குப் பிள்ளை இல்ல. தினம் வெண்ணெய் தடவி ரொட்டி குடுப்பாங்க. அப்பாவுக்குத் தெரியாது."

"அதானே பார்த்தேன். வெறும் நம்பிக்கையில இவ்வளவு வளராது," என்றார் கொக்ரெல். தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த விஷயத்தை அவர் சாகும்வரைக்கும் யாரிடமும் பேசவில்லை.

கொண்டாட்ட நாள் வந்தது. கோட்டை நின்ற இடமெல்லாம் மரக்கிளை நட்டு, விளக்குத் தொங்கவிட்டு, பாரிஸே வந்து ஆடியது. லுபென் துவானெத்தின் மீன் கூடையைச் சுமந்துகொண்டு, வாயை இறுக்கி மூடியபடி பின்னாலேயே சுற்றினான். பெரீன் தூணைக் கிடத்திய இடத்திலேயே அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மேற்கே இப்போது ஒன்றுமே இல்லை. கிழக்கேயும் ஒன்றுமில்லை. சாயங்கால வெயில் தடையில்லாமல் வந்து அவள் மேல் முழுசாக விழுந்தது.

வெளியூர்க்காரர் ஒருத்தர், புதுச்சட்டை, கையில் ஒரு பெண், ஆடி ஆடி மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அம்மா, அந்தப் பெரிய கோட்டை எங்க இருந்துச்சு? இங்கதானே?"

"கோட்டை அந்தப் பக்கம்," என்றாள் பெரீன். "நீங்க நிக்கிறது என் அடுப்படி. கொஞ்சம் தள்ளிப்போய் ஆடுங்க."